இடது கைக்கு ஒரு விசைப்பலகை

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் இன்று சுற்றி வளைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிவேந்திரனின் நுரையீரல் பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறதாம். தொண்டையில் துளை போட்டு மூச்சு இயந்திரத்தோடு இணைப்பதா வேண்டாமா, 27ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். நோயாளியே சொல்ல வேண்டும், அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்றார்.

அவரே சொல்ல வேண்டுமாம். எதைக் கொண்டு? பேச்சு ஜனவரியிலேயே போய்விட்டது. நரம்பு நோய் வலது கையை முழுதாக எடுத்துக்கொண்டது. இடது கையில் இரண்டு விரல்கள் மிச்சம்.

அவருடைய அக்கா நிரஞ்சனி கிள்ளானிலிருந்து வந்திருந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டுத்தான் ஆகணும்லா. என் தம்பி மூச்சு முட்டிச் சாகணுமா?"

எனக்கும் அதே ஆசைதான். அவருக்கு?

மார்ச் 6

கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். நிரஞ்சனி மச்சாள்தான் கேட்டார். "மெஷின் வேணுமாடா?" இரண்டு தடவை. "அப்ப வேணாமா?" மறுபடியும் இரண்டு தடவை.

"அவனுக்குக் குழப்பம், ராஜினி" என்று அழுதார்.

குழப்பமே இல்லை. முப்பது வருடமாக நான் பார்க்கிற கண்கள். ஏதோ சொல்ல இருக்கிறது — ஆமாம், இல்லை என்பதற்குள் அடங்காத ஏதோ.

மார்ச் 7

ஆஸ்பத்திரியில் கொடுத்த எழுத்து அட்டையை நீட்டினேன். நாலு எழுத்துக்குள் கழுத்து சாய்ந்துவிட்டது. கைபேசியில் விரல் இழுபட்டு வரிவரியாகக் குப்பை.

அவருடைய மடிக்கணினியில் மட்டும்தான் முடிகிறது. இருபத்திரண்டு வருடம் தொலைக்காட்சிப் படங்களின் அடியில் ஓடும் தமிழ் வசனவரி எழுதியவர். விசையின் மேல் விரலைக் கிடத்தி அழுத்திவிடுகிறார். ஆனால் அவர் பழகிய தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலது பக்கம். வலது பக்கத்துக்கு இந்தக் கை போகாது. கையைத் தூக்கி வைத்தால் தோள் வலியில் கண்ணீர் வருகிறது. திரையில் 'ஈஉ ஆஎ ஏஅ' என்று வந்துகொண்டே இருந்தது. இடது பக்கம் வ இருப்பதால் 'வா' மட்டும் எழுத முடிகிறது. அதை வைத்து என்னைக் கூப்பிடுகிறார்.

வந்துட்டேன். வந்து என்ன செய்ய?

மார்ச் 10

இவரோடு ஷா ஆலம் அலுவலகத்தில் வேலை பார்த்த முகுந்தனுக்குப் போன் போட்டேன். வேலையாக ஜொகூரில் இருக்கிறாராம், மாதக் கடைசிவரை வர முடியாது.

"அக்கா, அண்ணே லினக்ஸ்தானே வச்சிருக்கார்? அப்ப முடியும். கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டினா, வலது பக்கத்து எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரி இடது பக்கம் வந்துடணும். இன்னொரு தட்டு தட்டினா பழையபடி. கமாண்ட் லைன்ல செய்யணும். எழுதி அனுப்புறேன்."

பள்ளி அலுவலகத்தில் மாணவர் பெயரைப் பதிவு செய்வதோடு சரி என் கணினி அறிவு. கட்டளை தட்டும் கருப்பு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அது என்னைப் பார்க்க, நான் அதைப் பார்க்க.

மார்ச் 12

ஒரு கோப்பில் விசைக்கு ஒரு வரி. முதலில் பழைய எழுத்து, பக்கத்தில் கேப்ஸ் லாக் தட்டிய பிறகு வர வேண்டிய எழுத்து. மேல் வரிசையின் முதல் விசைக்கு அதே வரிசையின் கடைசி எழுத்து, இரண்டாவதுக்கு அதற்கு முந்தியது. அப்படியே மூன்று வரிசைக்கும். முடித்து setxkbmap என்ற கட்டளையைக் கொடுத்தேன்.

புதிய விசைப்பலகையை ஏற்ற முடியவில்லை என்று ஒரே வரி. ஏன்? எந்த இடத்தில்? சொல்லித் தொலையேன்!

மார்ச் 13

பதினொரு தடவை. அதே வரி.

மார்ச் 15, சனி

பாழாக்கிவிட்டேன். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி போடாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஏற்றிக்கொண்டது. சந்தோஷத்தில் சரியாகச் சோதிக்காமல், இனி இதுவே நிரந்தரம் என்று கணினியில் எழுதி, அணைத்துத் திறந்தேன். கடவுச்சொல்லை ஏற்கவில்லை. இடது பக்கம் எதைத் தட்டினாலும் வலது பக்கத்து எழுத்து. கேப்ஸ் லாக்கைத் தட்டியும் பழைய எழுத்து திரும்பிவரவே இல்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது 'வா' கூட இல்லை. மிச்சமிருந்த வாயையும் நானே பூட்டிட்டேனே, கடவுளே. யாரு என்னைத் தொடச் சொன்னா?

மார்ச் 16

"அழாதீங்க அக்கா. மூலையில ஒரு மனுஷப் படம் இருக்கும், அதைக் கிளிக் பண்ணா திரையிலேயே கீபோர்ட் வரும். மவுஸால அமுக்குங்க" என்றார் முகுந்தன். ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி உள்ளே போனேன். நேற்று எழுதியதை நீக்கினேன். 'வா' திரும்பி வந்தது.

மார்ச் 18

இன்று காலை இரண்டு விரலில் ஒன்று நின்றுவிட்டது.

மச்சாள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "நீ கம்ப்யூட்டரை நோண்டிக்கிட்டே இரு. அங்க அவன் மூச்சு போவுது. சம்மதம்னு கையெழுத்து போடு, போதும்."

"அவர் சொல்லாம போட மாட்டேன் அக்கா."

"போடாம அவன் போனான்னா, நீதான் கொன்னேன்னு சொல்லுவேன்."

மச்சாள் இதைச் சிவேந்திரனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். காது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

மார்ச் 20, வியாழன்

தப்பு கேப்ஸ் லாக்கின் வரியில்தான். உள்ளே போக வழி வைத்திருந்தேன், திரும்பிவர வைக்கவில்லை. திருத்திக் கட்டளை கொடுத்தேன். பதிலே இல்லை. இந்தக் கருப்பு ஜன்னலில் பதில் வராவிட்டால்தான் நல்ல செய்தி.

அவர் ஒற்றை விரலால் முதலில் எழுதியது: 'தலையணை'.

இரண்டு மாதமாக அதைத் தப்பாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 22, சனி

'அக்காவைக் கூப்பிடு' என்று எழுதினார். மச்சாள் வந்து உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'மெஷின் வேண்டாம். இது நான் சொல்வது. ராஜினி சொன்னதில்லை. கண்ணால் சொன்னால் அவள் சொல்லிக் கொடுத்தாள் என்பாய். அதனால் எழுதுகிறேன். அவளைக் குறை சொல்லாதே.'

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

இதுக்காகவா நான் ஒவ்வொரு விசையா மாத்தினேன்? வேணும்னு சொல்லுவீங்கன்னுதானே! காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "மாத்திச் சொல்லுங்க. எனக்காக."

அவர் எழுதினார்: 'நீ மாற்றச் சொல்லிக் கேட்பாய் என்று தெரியும். அக்கா இருக்கும்போது எழுதியது அதற்கும்தான்.'

மார்ச் 27

டாக்டர் இரண்டு தடவை படித்தார். படிவத்தில் சாட்சியாக மச்சாள் கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை. சிவேந்திரன் என்னைப் போட விடவில்லை.

ஏப்ரல் 29

தொலைக்காட்சியில் ஓடும் வசனவரிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். 'ல இல்லை, ள.' 'இது தமிழே இல்லை.' அரை மணிக்கு ஒரு திருத்தம். நான் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 28

விரல் அழுத்தவில்லை.

மே 29

விசை லேசாக அழுந்தும்படி மாற்ற ஏதாவது கட்டளை இருக்கிறதா என்று முகுந்தனைக் கேட்டேன். "அதுக்குக் கட்டளை இல்ல அக்கா" என்றார்.

ஜூன் 19

காலை பத்தேகால். வீட்டில். மூச்சு முட்டவில்லை — டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மச்சாள்.

ஜூலை 19, சனி

அந்தியேட்டிக் காரியம் முடிந்தது. அவர் போய் முப்பத்தொரு நாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள், வீடு கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செந்தூலிலிருந்து வந்த தம்புசாமி அங்கிள், தூரத்துச் சொந்தம், எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "மெஷின் போட்டிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பான்லா. ஏன் ராஜினி, நீ போடல?"

என் கை இலையில் அப்படியே நின்றது.

சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த மச்சாள் நின்றார். "அங்கிள், அவளைக் கேக்காதீங்க. வேணாம்னு சொன்னது என் தம்பி. அவனே எழுதினான், ஒத்தை விரலால. நான் பக்கத்தில உக்காந்து ஒவ்வொரு எழுத்தாப் படிச்சேன்."

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சாள் குனிந்து என் இலையில் சாம்பார் ஊற்றினார். "சாப்பிடு, ராஜினி. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

சாப்பிட்டேன்.