கைப்பிடி நீளத்துக்குள்

ஜூலை 8, 1997. செவ்வாய். ஓரின்

இன்று சொல்லாதது: கோல்ஃபில் ஏழாவது குழியில் என் கணவன் வெர்லின் அடித்தது ஆறு. ஐந்து இல்லை.

“அஞ்சு” என்றான். அட்டையில் ஐந்து என்று எழுதினேன். இந்த ஆட்டத்தில் அடி குறைந்தால்தான் நல்லது. ஒன்பது குழியும் முடிந்ததும் அவன் கையெழுத்துப் போட்டான், கீழே சாட்சியாக நான் போட்டேன். பிறகு காரில் நாற்பது மைல் வந்தோம். இந்தப் பக்கத்துச் சோளத்துக்கு மழை போதவில்லை என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். நான் தலையாட்டினேன்.

அந்த ஆறாவது அடி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பந்து குழியை உரசிவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. இந்த மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் விட்டு இறுக்கிய மணல்தான். ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் மணலைச் சமன்செய்யும் இழுப்பானை இழுத்துப் பந்துக்குப் பாதை போட வேண்டும். அதனால் இழுப்பானின் கைப்பிடி நீளத்துக்குள் பந்து நின்றுவிட்டால் கையாலேயே எடுத்துக்கொண்டு மனதுக்குள் ஒன்று கூட்டிக்கொள்வோம். எங்கள் ஊர் மார்னியில் எல்லோரும் அப்படித்தான்.

வெர்லின் எடுத்தான். கூட்டவில்லை.

மறதியாக இருக்கும். களைப்பு. பன்னிரண்டாவது ஊர் இது.

ஜூலை 9

இன்று இரண்டு. மூன்றாவது குழி, ஒன்பதாவது குழி. சொல்லவில்லை.

ஜூலை 11. பிராட் ஏரி

நெப்ராஸ்காவில் மணல் மைதானம் முப்பத்தெட்டு இருக்கிறது என்று வெர்லின் கணக்கு வைத்திருக்கிறான். பள்ளி திறப்பதற்குள் அத்தனையிலும் ஆடிவிட வேண்டும். திங்கள்தோறும் அவன் எண்களைக் கேட்டு எங்கள் ஊர் வாரப் பத்திரிகையிலிருந்து ஆர்வில் போன் செய்கிறார். வியாழக்கிழமை அச்சாகிறது. பலசரக்குக் கடையில் அதைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது வெர்லின் முகத்தைப் பார்க்க வேண்டும். மே மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மே மாதம். எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

வெர்லின் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறான், கோல்ஃப் அணிக்கும் அவன்தான் பயிற்சியாளன். மாவட்டப் போட்டியில் டெல்லா ஸ்வோபோடா, பதினைந்து வயது, எங்கள் ஊர்ப் பழக்கப்படி பந்தைக் கையால் எடுத்தாள், ஒன்று கூட்ட மறந்துவிட்டாள். அட்டையில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். போட்டபின் தப்பு தப்புதான், திருத்த முடியாது. நடுவர் மேசையில் போய்ச் சொன்னது வெர்லின்தான், அவளுடைய சொந்தப் பயிற்சியாளன். பெண்ணை நீக்கினார்கள். அணி மாநிலப் போட்டிக்குப் போகவில்லை.

பாதி ஊர் அவனை நேர்மையானவன் என்றது. மீதிப் பாதி அவனோடு பேசுவதில்லை. டெல்லாவின் அம்மா ஆர்டித், எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் தபால்தலை வாங்கப் பதினொரு மைல் தள்ளிப் போகிறேன்.

ஆகஸ்ட் 18-ல் பள்ளி வாரியம் கூடுகிறது. பயிற்சியாளனாக அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று. இந்த எண்களெல்லாம் அதற்காகத்தான். வாயால் சொன்னதில்லை. ஆனால் வேறெதற்காக?

ஜூலை 12

என் அட்டையை அவன் எழுதுகிறான். இன்று ஐம்பத்தேழு. ஓர் அடிகூட விடவில்லை.

ஜூலை 16. வெல்ட்டன்

மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே மைதானம். குழிகளைச் சுற்றி முள்கம்பி வேலி, மாடு மணலை மிதிக்காமலிருக்க. புல்வெட்டும் வண்டியிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தாள். லியோட்டாவாம். அறுபது வயதிருக்கும், கணவருடைய தொப்பி.

“பந்து மாட்டு மேல பட்டா அடி கூட்ட வேண்டாம். மாடு பந்தைத் தின்னுட்டா மட்டும் சொல்லுங்க, வைத்தியருக்குப் போன் போடணும்” என்றாள். வருகைப் பதிவேட்டில் வெர்லினின் பெயரைப் பார்த்துவிட்டு, “ஓ, பத்திரிகையில வர்றவரா. எங்க அக்கா மார்னி பக்கம்தான் இருக்கா, வாராவாரம் படிச்சுக் காட்டுவா. இவ்வளவு நல்லா ஆடறவரு இன்னும் பள்ளிக்கூடத்துல ஏன் இருக்காருன்னு எங்களுக்கு ஒரே யோசனை.”

வெர்லின் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகச் சிரித்தான்.

கடைசி மூன்று குழிகளுக்கு ஒரே ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு அவளும் கூட வந்தாள். எட்டாவதில் வெர்லின் பந்தைக் குனிந்து எடுத்தான். “நாலு.”

லியோட்டா இழுப்பானின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். “எங்க ஊர்ல அதையும் சேத்துக்குவோம்” என்றாள், மாட்டைப் பற்றிப் பேசிய அதே குரலில்.

“சேத்தாச்சு” என்றான் வெர்லின். அடுத்த குழிக்கு நடந்தான்.

சேர்க்கவில்லை. லியோட்டா அவனைப் பார்க்கவில்லை, பென்சிலும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தாள். நான் நான்கு என்று எழுதினேன்.

இதுவரை கூட்டாதது பதினொன்று.

ஜூலை 20

நூற்றிரண்டு டிகிரி. விடுதியில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. முட்டை, வாட்டிய ரொட்டி, முட்டை, வாட்டிய ரொட்டி. கொண்டு வந்த ஆறு புத்தகங்களும் தீர்ந்துவிட்டன. இன்று ஒன்று.

ஜூலை 24. லோடி

படித்த புத்தகங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்காத மனைவிகளை நான் எப்போதும் நல்லவர்களாகவே படித்து வந்திருக்கிறேன். பொறுமை, பெருந்தன்மை, ஆழம். அவர்கள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இருபத்தாறு.

இன்னொன்றும் எழுத வேண்டும். மே மாதம் போட்டி முடிந்து வந்ததும் சமையலறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெர்லின் என்னிடம் சொன்னது. அவன் டெல்லாவின் பின்னாலேயே நின்றிருக்கிறான். அட்டையில் தப்பு இருப்பது அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அவன் கண்ணில் பட்டுவிட்டது. “ஒரு வார்த்தை, இன்னொரு தடவை கூட்டிப் பாருன்னு சொல்லியிருக்கலாம். அவளே பாக்கட்டும்னு நின்னேன். பேனாவை மூடறவரைக்கும் நின்னேன்.”

அதற்கு நான் என்ன சொன்னேன்? சாப்பாடு ஆறிப்போகிறது என்றேன்.

அன்றிலிருந்து அதை அவனுடைய பெரிய குற்றமாக மனதில் வைத்திருக்கிறேன். மேசையில் போய்ச் சொன்னதல்ல, காத்திருந்தது. இன்று அட்டையில் அவன் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடினான். அப்போதுதான் உறைத்தது, நான் எங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 25

சொல்லவில்லை. மழை. ஆடவுமில்லை.

ஜூலை 28. திங்கள்

விடுதி வாசல் போனில் வெர்லின் ஆர்விலுக்கு எண்களைப் படித்தான். நான் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆர்விலின் சிரிப்பு இங்கே வரை கேட்டது. நீங்கள் வாரியத்துக்கு வரும்போது பாண்டு வாத்தியத்தோடு வரவேற்கப் போகிறார்கள் என்றாராம். போனை வைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தான்.

இதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அவனுக்கே தெரியாமல் நடக்கிறதா, தெரிந்தா? தெரிந்து செய்கிறவன் என் தலையை இப்படித் தடவுவானா? தெரியாமல் செய்கிறவன் காதில் லியோட்டா சொன்னது விழாமலா போகும்?

முப்பத்திரண்டு.

ஆகஸ்ட் 1

கை வலிக்கிறது. நாளுக்கு நாள் பேச்சு குறைகிறது. வண்டிக்குள் சரளைக்கல் தூசி, பல்லுக்கிடையில்கூட. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய். கார்வின்

சொல்லிவிட்டேன்.

முப்பத்தோராவது ஊர். காலை ஆட்டம், எங்களைத் தவிர யாருமில்லை. ஒன்பதாவது குழியில் பந்தை எடுத்தான். “அஞ்சு.” அட்டையைக் காரின் முன்மூடியின் மேல் வைத்து, பேனாவை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

“வெர்லின், போடாதே. இன்னொரு தடவை கூட்டிப் பாரு.”

முதலில் புரியாததுபோல் பார்த்தான். அப்புறம் விரலை மடக்கி ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டே போனான், தொடக்கத்தில் ஒன்று, மரத்தடியிலிருந்து, பள்ளத்திலிருந்து, மணலில் ஒன்று, மணலில் இரண்டு. நின்றான். முகம் வெளிறிவிட்டது.

ஐந்தை அடித்து ஆறு என்று திருத்தினான். “கையால எடுத்ததைக் கூட்டல” என்றான். “கடவுளே. டெல்லா மாதிரியே.”

அதோடு விட்டிருக்கலாம். அவன்தான் கேட்டான்.

“இது மொத தடவையா?”

“இல்ல.”

“எத்தனை?”

“நாப்பத்தொண்ணு.”

வயலில் ஏதோ பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“எனக்கே தெரியாதுன்னு சொன்னா நம்புவியா?”

“நம்புவேன்” என்றேன். நம்புகிறேனா? பாதி. அவனும் பாதிதான் நம்புவான் என்று நினைக்கிறேன்.

“நாப்பத்தொண்ணுன்னு பட்டுனு சொல்றியே. எண்ணிக்கிட்டே வந்தியா?”

“ஆமா.”

“இருபது ஊரா? பக்கத்துல உக்காந்துக்கிட்டா?”

நான் அட்டையை எடுத்து மடித்தேன்.

“அந்தப் பொண்ணுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் செஞ்சேன்” என்றான்.

மட்டைகளை வண்டியில் போட்டோம். வீட்டுக்கு ஐந்து மணி நேரம். பெட்ரோல் போட நின்றபோது ஏதாவது குடிக்கிறாயா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். மிச்சமிருந்த ஏழு ஊர்களைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6. வீடு

எதில் எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். இதில் என்றேன். படிக்கக் கேட்கவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. ஆர்விலுக்குப் போன் போட்டுவிட்டு, “நீ சொல்லு, நான் அவருக்குச் சொல்றேன்” என்றான்.

சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இந்த நாட்குறிப்பிலிருந்து எண்களை மட்டும் பொறுக்கிப் படித்தேன். ஓரின், ஒன்று. மறுநாள், இரண்டு. வெல்ட்டன், இரண்டு. இருபது ஊர். எண்களுக்கு நடுவே இருந்த வரிகளைக் கண்ணால் தாண்டித் தாண்டிப் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனில் திருப்பிச் சொன்னான். அந்தப் பக்கம் ஆர்வில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

அச்சில் வந்துவிட்டது. இரண்டாம் பக்கம், பெட்டி கட்டி. அவன் பெயர் மட்டும்தான். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று யாரும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளி உணவுக்கூடத்தில் கூட்டம். நாற்காலி போதாமல் பலர் நின்றார்கள். எண்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று எல்லோரும் காத்திருக்க, வெர்லின் எழுந்து வேறொன்றைச் சொன்னான்.

“டெல்லா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். வாயைத் திறக்கல. அது விதியில தப்பில்லை. ஆனா பயிற்சியாளர்னு ஒருத்தர் எதுக்கு இருக்காரோ, அதுக்கு நான் லாயக்கில்ல.” வேலை வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

யாரும் கைதட்டவில்லை. ஆனால் வெளியே வரும்போது மூன்று மாதமாகப் பேசாத இரண்டு பேர் அவன் தோளைத் தொட்டார்கள்.

ஆர்டித் ஸ்வோபோடா நேராக என்னிடம் வந்தாள்.

“இது உனக்கு எப்ப தெரியும்?”

“மே மாசமே.”

“என் பொண்ணு தன்னைத்தானே திருடின்னு சொல்லிக்கிட்டு அழுதா. அந்த நேரம் நீ எங்க ஸ்டாம்பு வாங்கிக்கிட்டிருந்தே?” கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29

பள்ளி திறந்துவிட்டது. இனிமேல் அவனுக்குக் கணக்கு வகுப்பு மட்டும். டெல்லா அவன் வகுப்பில்தான் இருக்கிறாள். முதல் நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான். சரி சார் என்றாளாம்.

செப்டம்பர் 14

வீட்டில் மரியாதையாக இருக்கிறோம். உப்பை நகர்த்தித் தருகிறோம். நேற்று நான் ரசீதில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன், அவன் நின்று பார்த்தான். “என்னைப் பத்தியா?” வேடிக்கையாகத்தான் கேட்டான். பால், ரொட்டி என்று கடைக்கு எழுதியது. காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 21

அவன் அண்ணன் கேலனுக்கு அறுவடைக்கு ஆள் வேண்டுமாம். பண்ணை இருபது மைல்தான், அங்கிருந்தே பள்ளிக்குப் போய்விடலாம். “அறுவடை முடியற வரைக்கும்” என்றான். சரி என்றேன்.

போகாதே என்று சொல்லவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கேலனின் மனைவி போன் செய்தாள். அறுவடை முடிந்து பதினைந்து நாள் ஆகிறது, உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும், சாலையிலிருந்து வயலைப் பார்த்தேன் என்றேன். வெர்லினைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். வந்தான்.

“வீட்டுக்கு வா” என்றேன். “தப்பு என்னோடது. எண்ணியிருக்கக் கூடாது. நீ வேணும் எனக்கு.”

இதைப் பேசும்போது நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

நவம்பர் 9

வெர்லின் நேற்றுக் காலை வந்தான். காபி குடித்தான். வீட்டுச் சூடேற்றியின் வடிகட்டியை மாற்றிக் கொடுத்தான். பிறகு குளிர்காலக் கோட்டையும் பூட்ஸையும் கணக்குப் புத்தகங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கேலனின் பண்ணைக்குப் போய்விட்டான்.