களிம்பை நிறுத்திய பிறகு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முக்கால்வாசி நலம். அங்கே நீ முழுக்க நலமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று கோபப்படாதே. போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். இதைப் பாதியில் விடக்கூடாது. நம் வாலு ஏன் வீடியோவில் வரமாட்டேன் என்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதைத்தான் எழுதுகிறேன்.

அவளுடைய கரப்பானுக்கு நீ அங்கே வாங்கிப் பார்சலில் அனுப்பிவந்த களிம்பு முதலில் நன்றாகக் கேட்டது. போகப் போக ஒரு வேளை விட்டாலே முகம் சிவந்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்ததும் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தின் மேல் தப்பில்லை, ஆனால் இது வீரியமான ஸ்டீராய்டு, டாக்டர் பார்வையில் கொஞ்ச நாளைக்குத் தடவுவது, குழந்தை முகத்தில் வருடக்கணக்கில் தடவினால் தோல் அதற்கே பழகிவிடும் என்றார். நிறுத்தினால் முதலில் மோசமாகும், காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே வாருங்கள் என்றும் சொன்னார். யார் வாங்கியது என்று கேட்டார். "நாங்கதான்" என்றேன்.

நிறுத்தினேன். மோசமாகத்தான் ஆயிற்று. முகமும் கழுத்தும் வெந்த மாதிரி சிவந்து, நீர் கசிந்து, காய்ந்து உதிர்ந்தது. படுக்கையை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். தண்ணீர் ஊற்றினால் எரிகிறது என்பாள், ஊற்றாவிட்டால் அரிக்கிறது என்பாள். நம் தையல் கடையில் இருந்த மெல்லிய பருத்தித் துணியில் அவளுக்கு முழுக்கைச் சட்டை தைத்தேன். உறுத்தக்கூடாது என்று தையலெல்லாம் வெளிப்பக்கம். சொறியாமல் இருக்கக் கை நுனியையும் மூடிவிட்டேன். "அப்பா, சட்டையை உள்வெளியா தச்சுட்டீங்க" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொல்லி என் மானத்தை வாங்கினாள். சிரித்தாளே என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மா, இது ஒட்டிக்கொள்ளும், இடம் மாற்றுங்கள் என்றாராம். டீச்சர் மாற்றவில்லை. ஒட்டாது என்று சொல்லிவிட்டு, வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டே அன்றைய பாடத்தை நடத்தியிருக்கிறார்.

உன் அக்கா உதவிக்கு வந்திருக்கிறார் அல்லவா. நான் கடையில் இருந்த ஒரு மத்தியானம், பிள்ளை கதறுவதைத் தாங்கமாட்டாமல், அலமாரியில் மிச்சமிருந்த டியூபை எடுத்துத் தடவிவிட்டார். மறுநாள் முகம் பளிச்சென்று இருந்தது. வாலு கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விசாரித்தபோது உன் அக்கா, "பச்சப்புள்ள துடிக்குது தம்பி, நான் என்ன கல்லா?" என்றார். அவரை நான் என்ன சொல்ல?

வாலுதான் விடவில்லை. "பெரியம்மா மருந்துல சரியாயிடுச்சே, நீங்க ஏன் தரமாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். மடியில் உட்காரவைத்து, அது சரியாக்கவில்லை, மறைத்துத்தான் வைக்கிறது, விட்டதும் திரும்ப வரும் என்றேன். "ரொம்ப வருமா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க கூடவே இருப்பீங்களா?" என்றாள். கடையைச் சாத்திவிட்டு இருப்பேன் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அதைத் தூக்கிப் போட்டுடுங்க. நான் அழுது கேட்டாலும் தராதீங்க" என்றாள்.

அழுது கேட்டாள். தரவில்லை. அந்த நாட்களை எழுத எனக்கு வரவில்லை. உன் அக்காவும் நானும் மாற்றி மாற்றி ஈரத்துணி சுற்றினோம், டாக்டர் கொடுத்த வேறு களிம்பைத் தடவினோம், அவ்வளவுதான்.

இப்போது கன்னம் ஆறிவிட்டது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் இன்னும் இருக்கிறது. கரப்பான் அடியோடு போய்விடாது, வந்து வந்து போகும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். ஆனால் பிள்ளை தூங்குகிறாள். போன வாரம் வெயிலில் ஆடிவிட்டு வந்து, உடம்பெல்லாம் வியர்வையோடு சோறு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னைக் கூப்பிடுவதாக இருக்கிறாள். நான் எழுதியது எதுவும் தெரியாத மாதிரி இரு.

இனி பார்சலில் அந்த டியூப் வேண்டாம். அது வந்தபோதெல்லாம் இந்த வீடே உன்னை வாழ்த்தியது, அதையும் மறக்காதே.

வேலை பார்க்கும் லாண்டரியில் சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து உன் கையெல்லாம் வெடிக்கிறது என்று அக்காவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. அதற்கு நீ என்ன தடவுகிறாய்? அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது. காட்டுகிறேன் என்று எழுதாதே, காட்டிவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் வாலுவின் அப்பா