திரி ஒட்டாத போத்தல்கள்

மே 4, ஞாயிறு

காலையில் பசியாறும்போது மகள் கல்யாணப் பேச்சு. தினேஸ்வரிக்குப் புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது. வருகிற விருந்தாளிகளுக்குக் கொடுக்க, கடையில் வாங்கும் பெட்டி எதுவும் வேண்டாமாம். வீட்டிலேயே செய்த மெழுகுவர்த்தி வேண்டுமாம். சின்னக் கண்ணாடிப் போத்தலில், மல்லிகை வாசத்தோடு. யார் செய்வது என்று கேட்டேன். நான் பல் கிளினிக் கவுண்டரில் நாளெல்லாம் நிற்கிறேன், அவள் வங்கிக்குப் போகிறாள்.

"அப்பா செய்வாரு" என்றாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

இவர் பேப்பரை இறக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். போன தீபாவளி முடிந்த கையோடு ஸ்ட்ரோக் வந்தது இவருக்கு. லேசானதுதான் என்றார் டாக்டர். பேச்சும் காலும் தப்பித்தன. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் சிமெண்ட் லாரி ஓட்டிய வலது கை, இப்போது கோப்பி கிளாஸைத் தூக்கினால் ஆடுகிறது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி பிசியோவில் சொல்லியிருக்கிறார்கள். மகள் அதை மனதில் வைத்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கும்.

"எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றார். நிஜமாகவே இல்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

மே 9

சாமான்கள் வந்துவிட்டன. போத்தல், மெழுகு, மல்லிகை எண்ணெய், திரி. கூடம் முழுக்கப் பெட்டிகள். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் எங்கள் லிங்க் வீட்டுக் கூடம் ஏற்கனவே பெரிய மைதானம்தான்!

திரி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதைப் போத்தலின் அடியில் நட்ட நடுவில் ஒட்ட வேண்டும். பிறகு உருக்கிய மெழுகை ஊற்றினால் திரி அசையாமல் நிற்க வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்தால் நெருப்பு கண்ணாடியைச் சுட்டு, போத்தல் வெடித்துவிடுமாம். தினேஸ்வரி ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மே 10

ஒரு காரியம் செய்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இவர் சாமி மேடைப் பக்கம் வருவதில்லை. திருநீறு பூச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "நா என்ன தப்பு செஞ்சேன்னு அவர்கிட்ட கேட்டு வா, அப்புறம் பூசு" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

இன்று விளக்கேற்றிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் விரலை விட்டு அடியில் துளி திருநீறு தடவிவிட்டேன். கண்ணுக்கே தெரியாது. இவர் நெற்றியில் பூச விடாவிட்டால் போகட்டும். இனி போத்தல் கழுவுகிற ஒவ்வொரு தடவையும் தடவ வேண்டும், இவர் கை படுகிற இடத்தில் இருக்கட்டும்.

மே 11

முதல் நாள் வேலை. பசைக் குச்சியைச் சூடாக்கி அடிக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்திருந்தார். அதைக்கொண்டு தகட்டை ஒட்டி, மெழுகை ஊற்றியதுதான் தாமதம், திரிகள் எல்லாம் மேலே மிதந்து வந்தன. செத்த மீன்கள்போல் படுத்துக்கொண்டன. நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். மெழுகின் சூட்டில் பசை இளகிவிட்டது என்றாள் தினேஸ்வரி. இரண்டு பக்கமும் ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மே 17

ஸ்டிக்கர் வந்தது. இவர் ஒரு நல்ல வழியும் கண்டுபிடித்தார். திரியை ஸ்ட்ராவுக்குள் விட்டு, ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டு தகட்டைப் போத்தலின் அடியில் அழுத்துகிறார். மேலே திரி சாயாமலிருக்க போத்தல் வாய்க்குக் குறுக்கே, இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சி. இடது கை போத்தலைப் பிடிக்க, வலது கை அழுத்துகிறது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. எனக்குக் கிளினிக்கில் அந்த முகம்தான் நாள் முழுக்க ஞாபகம் வந்தது.

ஆனால் மாலையில் வந்து பார்த்தால் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. சூடாக ஊற்றியதும் கழன்று ஓரத்தில் போய் நிற்கிறது. இன்று அவர் சிரிக்கவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மே 18

ராமையா மாமா லகாட்டிலிருந்து வந்தார். இவருடைய அண்ணன். கிளம்பும்போது வாசல் கேட் அருகே என்னைத் தனியாக அழைத்தார்.

"தார வாக்க என்னையவே மேடையில நிக்கச் சொல்றான்மா கனகு. நா என்னத்த சொல்ல?"

 பெற்ற அப்பா உயிரோடு இருக்கும்போது பெரியப்பா எதற்குப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும்? உள்ளே போய் ஒரு சத்தம் போட்டேன், தாமானில் எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். இவர் திரும்பிச் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

"ஒரு சின்னத் தகடு. அதக்கூட அழுத்தி ஒட்ட முடியல இந்தக் கையால. இத வெச்சு எம்புள்ள கையப் புடிச்சிட்டு சபையில நிக்கணுமா? ஆடும்லா. எல்லாரும் அதத்தான் பாப்பாங்க."

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன்.  ஆடட்டுமே. ஆடினால் என்ன? அந்தக் கைதானே அவளை லாரி சீட்டில் தூக்கி உட்கார வைத்தது, அந்தக் கைதானே… எழுத வரவில்லை. போதும்.

தினேஸ்வரிக்கு இது தெரியக்கூடாது.

மே 25

நேற்றும் இன்றும் தெலுக் இந்தானில் இருந்தோம். மாப்பிள்ளை தீபன் வீட்டாரோடு சேர்ந்து அவர்கள் பக்கத்து உறவுகளுக்குப் பத்திரிகை கொடுத்தோம், நானும் தினேஸ்வரியும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வீடு வீடாகத் தேநீர். 

வீட்டுக்கு வந்தால் அதிசயம். மேசையில் வரிசையாகப் போத்தல்கள், எல்லாவற்றிலும் திரி நடுவில் நேராக நிற்கிறது. ஒன்றுகூடக் கழலவில்லை. இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

மே 31

மறுபடியும் கழன்றுவிட்டன. அதே ஸ்டிக்கர், அதே மெழுகு, அதே ஸ்ட்ரா.

"நீ வீட்டுல இல்லாதப்ப மட்டும் ஒட்டுதுலா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

நான்தானா? கதவோரம் நின்று நின்று பார்க்கிறேனே, கை ஆடுகிறதா, வேர்க்கிறதா, மாத்திரை போட்டாரா என்று… அந்தப் பார்வைதான் இவர் கையை ஆட வைக்கிறதா? ஆசையாகப் பார்க்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 1

இவர் போத்தலோடு உட்கார்ந்ததும் நான் மாடிக்குப் போய்த் துணி மடித்தேன். மடித்ததையே கலைத்து மறுபடி மடித்தேன். பார்க்கவே இல்லை.

கீழே வந்தபோது மூன்றில் இரண்டு கழன்றிருந்தது. பார்த்தாலும் போகிறது, பார்க்காவிட்டாலும் போகிறது. ராமையா மாமாவுக்குப் பட்டு வேட்டி என்ன அளவு என்று கேட்டார் இவர். தெரியாது என்றேன். அளவு எனக்குத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து இவர் கூப்பிட்டார். குரலில் ஏதோ இருந்தது. கரண்டியோடு ஓடினேன். கழன்று வந்த ஒரு தகட்டைக் கையில் வைத்திருந்தார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பெருவிரலால் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதென்ன, மாவா?"

 அவர் இன்னொரு முறை முகர்ந்தார். வாசம் தெரியாமல் போகுமா? கல்யாணமான நாளாக இந்த வீட்டில் மணக்கிற வாசம். அடுத்து, இன்னும் திரி ஒட்டாத போத்தல் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தார். அடியில் மங்கலாக, சாம்பல் நிறத்தில் ஒரு விரல் ரேகை. என் விரல்.

கிளினிக்கில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் வரிசையில் நில் என்று அதட்டுகிறவள் நான். கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சோற்றுக் கஞ்சி தரையில் சொட்டியது.

"எத்தன நாளா நடக்குது இது?"

"மொத நாள்லேருந்து" என்றேன். "தெலுக் இந்தான் போனப்ப மட்டும் வெக்கல."

என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனால், சிரிக்கிறார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"கை சரியாத்தான்டி ஒட்டியிருக்கு. ஒன் சாமிதான் ஒட்ட விடல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் கைக்கு நல்லது செய்கிறேன் என்று, இவ்வளவு நாளும் அந்தக் கைக்கே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மூளை இருக்கிற பொம்பளை செய்கிற வேலையா? பவுடர் போட்ட இடத்தில் ஸ்டிக்கர் எப்படிப் பிடிக்கும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்லா.

அவர் அந்தப் போத்தலை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்தார். திரியை ஸ்ட்ராவில் விட்டு, வலது கையால் இறக்கி, அழுத்தினார். கை ஆடத்தான் செய்தது. தகடு நடுவில்தான் உட்கார்ந்தது. நான் மெழுகை உருக்கிக் கொண்டுவந்து ஊற்றினேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மெழுகு வெளுத்து இறுகுகிற வரைக்கும் திரி நின்ற இடத்திலேயே நின்றது.

கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணனுக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

என்ன பேசினார் என்று எழுத வேண்டியதில்லை. ராமையா மாமா அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கத்தியது எனக்கே கேட்டது.

சோறு குழைந்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

ஜூன் 9

"பூசுறதா இருந்தா போத்தலுக்கு வெளிய பூசு" என்று உத்தரவு. அடிப்பக்கம் துளி வைத்து, அதற்கு மேல் தினேஸ்வரி பேர் போட்ட லேபிளை ஒட்டப் பார்த்தேன். லேபிள் ஒட்டவில்லை. இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 20

காலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியைக் காட்டினார். பூசிவிட்டேன்.

ஜூன் 29

கடைசிப் போத்தலும் முடிந்தது. எங்கள் ஊர் குனோங் ராபாட்டிலேயே மல்லிகை மணக்கிற வீடு எங்களுடையதுதான்.

ஜூலை 7

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உடம்பெல்லாம் வலி. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

தாரை வார்க்கிற நேரம். மாப்பிள்ளை கையில் தினேஸ்வரியின் கையை வைத்து, மேலே தன் வலது கையை வைத்துக்கொண்டார் இவர். நான் செம்பைச் சாய்க்க வேண்டும். சாய்த்தேன். தண்ணீர் அவர்கள் கைமேல் விழாமல் என் சேலையிலும் ஐயர் மடியிலும் தெறித்தது. மறுபடி சாய்த்தேன். மறுபடியும் அதே கதை. இவர் என் பக்கம் குனிந்தார்.

"ஒனக்குத்தான்டி கை ஆடுது."

தினேஸ்வரி தலையைக் குனிந்தபடியே சிரித்தாள். இவர் இடது கையால் செம்பின் அடியைத் தாங்கிப் பிடித்தார். வலது கை பிள்ளையின் கைமேல் இருந்தது. தண்ணீர் சரியாக விழுந்தது.

ஜூலை 16

வீட்டில் சத்தமே இல்லை. தினேஸ்வரி தெலுக் இந்தானிலிருந்து நேற்றும் போன் போட்டாள், சாம்பாரில் புளி எப்போது ஊற்றுவது என்று கேட்க. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

மிஞ்சிய போத்தலில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஏற்றிக்கொண்டிருந்தோம். இன்று காலை பார்த்தால் மெழுகு தீர்ந்துவிட்டது. அழகான போத்தலாயிற்றே, கழுவித் திருநீறு போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அடியில் இருந்த தகட்டைக் கரண்டிக் காம்பால் கிளறினேன். வரவில்லை. கத்தி முனையால் நெம்பினேன். அசையவில்லை.

இவர் எதிரில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வலது கையால்.

"வராதுலா" என்றார். "நா ஒட்டுனது."