வெறும் குளிசையோடு கடலுக்குப் போனவர்

என் செல்லத்துரை அண்ணை,

இப்போது கிளினிக்குக்குத் தனியாகத்தான் போய்வருகிறேன். கக்கூஸ் வாசல் வரிசையில் நிற்கும்போது உங்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கேதானே பழக்கமானோம்? நீங்கள் மயிலிட்டிக் கடல்தொழிலாளி, நான் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரன். இருவருக்கும் வயிற்றால் இரத்தம் போகிற ஒரே வருத்தம்.

டொக்டர் நம்மை மருந்துப் பரீட்சைக்குக் கேட்ட நாளை நினைக்கிறேன். வழமையான மருந்தோடு புதுக் குளிசையும் தருவார்களாம். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு அதே மாதிரியான, உள்ளே மருந்தில்லாத வெறும் குளிசை.

"ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது," என்றார்.

நான் பயந்து மறுத்துவிட்டேன். நீங்களோ, "என்னைச் சேருங்கோ டொக்டர். வள்ளத்திலை கக்கூஸ் இல்லை. நான் திரும்பக் கடலுக்குப் போகவேணும்," என்றீர்கள்.

குளிசை தொடங்கிச் சில மாதத்தில் இரத்தம் நின்று, போனீர்களே! ஒருநாள் அறக்குளா மீனைச் சாக்கில் சுற்றிக் கிளினிக்குக்கே கொண்டுவந்து என் கையில் தந்தீர்கள். என்ன சிரிப்பு அது!

பரீட்சை முடிந்தது. மாரிகாலத்தில் வருத்தம் திரும்பி, குடல் ஓட்டையாகி, சத்திரசிகிச்சைக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

போன கிழமை டொக்டர் உங்கள் மனைவியைக் கூப்பிட்டார். அக்காவுக்குத் துணையாக நானும் போனேன்.

"அவருக்குக் கிடைச்சது வெறும் குளிசை, அம்மா."

"அப்ப என்ரை மனிசனை ஏமாத்தினனீங்களோ?"

"இல்லை. முதலே சொல்லித்தான் சேர்த்தனாங்கள்."

"அப்ப எப்பிடி ஐயா அவர் கடலுக்குப் போனவர்?"

"எனக்குத் தெரியேல்லை," என்றார்.

எனக்கும் விளங்கவில்லை, அண்ணை. உங்களை எழுப்பியது நம்பிக்கையா? வருத்தம் தானாய் அடங்கியதா? உண்மையான குளிசை கிடைத்திருந்தால் இன்று இருந்திருப்பீர்களா? அந்த மருந்து வேலை செய்யுமா என்பதே இன்னும் நிச்சயமில்லையாம். யாரோடு கோபிப்பது?

அந்தக் குழப்பத்துக்குள் டொக்டர் என் பக்கம் திரும்பி, அடுத்த பரீட்சைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

"எனக்கு வருத்தம் கூடினா?" என்றேன்.

"உடனை நிப்பாட்டி, வேறை மருந்து தொடங்குவம்."

பஸ்ஸால் இறங்கும்போது அக்கா சொன்னா: "போங்கோ தம்பி. ஆனா என்ன நடந்தாலும் எனக்கு வந்து சொல்லவேணும்."

அடுத்த கிளினிக்கில் சம்மதம் சொல்லப் போகிறேன். துணிந்தா, பயந்தா என்று எனக்கே தெரியாது. நல்லதோ கெட்டதோ, என் உடம்பில் நடப்பதை ஒளிக்காமல் அக்காவிடம் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

வருத்தத்தால் உறவான உங்கள் தம்பி,
கந்தையா