கோமதி வார்த்த இருக்கை

என் அருமைக் கோமதி,

மலேசியாவில், நம் மாசாயில் இன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. இந்தச் சூட்டில் நீ ரெசின் பிசினைக் கலக்கவே மாட்டாய். கோப்பையிலேயே இறுகிப் புகைந்துவிடும் என்பாய். அதனால் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் முதலில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். பாசிர் கூடாங்கில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவள் என் மனைவி. ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கள் வரிசை வீட்டு வாசலிலேயே அதை மின்சார வண்டியாக மாற்றியவள்.

முதலில் பேட்டரிப் பெட்டியை இரும்புத் தகட்டில்தான் செய்தாய். ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்க நாம் இரண்டு பேரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. "அலமாக், இது வண்டி இல்லங்க, பீரோ" என்று சிரித்தாய். அடுத்த வாரமே கார்பன் இழைத் துணியோடு வந்து நின்றாய்.

அந்தக் கறுப்புத் துணி புடவைத் தலைப்பு மாதிரி கையில் வழுக்கிக்கொண்டு போனது. இதுவா பேட்டரியைத் தாங்கும் என்று கேட்டேன். நீ பெட்டி வடிவில் செய்த அச்சுக்கு மெழுகு தேய்த்தாய். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ரெசினில் ஊற வைத்தாய். மேலே பிளாஸ்டிக் உறையை ஒட்டி, பழைய பிரிட்ஜின் கம்ப்ரஸரால் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினாய். உறை சரியாக இறுகவில்லை. எங்கேயோ காற்று கசிந்தது. உறையின் ஓரம் முழுக்கக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போய், ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்து விரலால் அடைத்தாயே, அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்?

மறுநாள் பெட்டியைப் பிரித்தெடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தாய்.

"ஏறி நில்லுங்க."

நின்றேன். ஒரு முனகல்கூட இல்லை. உள்பக்கம் மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டேன்.

"கார்பன்ல கரண்ட் பாயுங்க. வயர் உரசுச்சின்னா கத முடிஞ்சிச்சி லா. அதான் உள்ள கண்ணாடி இழைத் துணி போட்டிருக்கேன்."

இருக்கைக்கான அச்சு தயாராகி, துணியும் வெட்டி வைத்த வாரத்தில் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்கு நடந்துதான் போனாய். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

வண்டியைக் கான்வாஸ் போட்டு மூடினேன். நம் யாழினி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள், வாசலில் அதைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்? "யாருக்காச்சும் கொடுத்திருங்கப்பா. பாக்க முடியல" என்றாள். நானும் சரி என்றேன்.

தீபாவளிக்கு உன் பட்டறைத் தோழி ரொஹானா வந்தார். கான்வாஸை விலக்கி, பேட்டரிப் பெட்டியின் உள்மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஒரு சுருக்கம் இருக்கான்னு பாருங்க. எங்க பட்டறையில இப்பவும் மூலை மடிக்கறது கோமதி வழியிலதான். புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தர்றோம்." இது உனக்குத் தெரியுமா? என்னிடம் ஒரு நாளும் நீ சொன்னதில்லையே.

"அச்சு இருக்கு, துணி இருக்கு" என்றார் அவர். "நான் சொல்லச் சொல்ல நீங்க செய்ங்க."

நான் செய்த முதல் இருக்கை பாழாகிவிட்டது. ரெசின் எட்டாமல் அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாமா என்று கேட்டேன். "கோமதி இத மாட்டுவாளா?" என்றார் ரொஹானா. தூக்கி எறிந்தேன்.

இரண்டாவது முறை துணி வாங்கிவந்து, உறையோடு நான் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது யாழினி வேலை முடிந்து வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, உன் கையுறைகளை மாட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். "இழுத்துப் பிடிங்கப்பா, சுருங்குது" என்றாள்.

இருக்கை நன்றாக வந்தது. ஆனால் வண்டியில் வைத்துப் பார்த்தால் உயரம் இடித்தது. பழைய இருக்கையைவிட நல்ல உயரம். அடிப்பக்கத்தை அறுத்துவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தேன். ரொஹானா கையைப் பிடித்துக்கொண்டார். "அளவுல கோமதி தப்புப் பண்ண மாட்டா. அப்படியே மாட்டுங்க."

வீட்டில் செய்த வண்டி. பதிவு இல்லாமல் பெரிய ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் லாரியில் ஏற்றி, பெக்கான் நானாஸில் உன் அண்ணன் வேலை பார்க்கும் அன்னாசித் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். யாழினி ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. முழங்கால் இதமாக மடங்கியிருந்தது. அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு இதுல கால் எட்டாதே."

"எட்டாதும்மா."

"அப்ப எனக்கா செஞ்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை, கோமதி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா? தெரியவில்லை என்றே அவளிடமும் சொன்னேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கறுத்த மண் பாதையில் டயர் உருளும் சத்தம் மட்டும்தான். ஓரத்தில் நின்ற கொக்குகள்கூட எழும்பவில்லை. "என்னா மச்சான், போயிருச்சா?" என்று கேட்டார் உன் அண்ணன். அதற்குள் அவள் கடைசி வரிசையைத் தாண்டிவிட்டாள்.

திரும்பி வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. வண்டியை விட்டு இறங்கவில்லை. "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரட்டாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

முன் சக்கரத்து மட்கார்டு இன்னும் பழைய தகரம்தான். அதற்கு நீ அச்சு எதுவும் விட்டுப் போகவில்லை. நானும் யாழினியும் அச்சு செய்ய ஃபோமைச் செதுக்க ஆரம்பித்திருக்கிறோம். முதலாவது கெட்டுப்போகும். இரண்டாவதும் கெடலாம். நீ பார்த்தால் மாட்டச் சம்மதிப்பாய் என்கிற ஒன்று வரும்வரை விடமாட்டோம்.

உன் கணவன், யாழினியின் அப்பா,
சேகர்