நீலம் குறைந்துகொண்டே வந்தது

8 ஜனவரி 2025, புதன்

இந்த கிளினிக்கில் ஆறு வருடமாக அடுத்தவர்கள் மூத்திரத்தைக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டின புருஷனுடையதைக் குலுக்கியது இன்றுதான்.

காலையில் பிடித்த முதல் மூத்திரம். அமிலம் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, கடைசியில் குளோரோஃபார்ம். மூடிக் குலுக்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் அடியில் நீலம் இறங்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, குடலில் அவ்வளவு கெட்ட கிருமி. பூஜ்யத்திலிருந்து நாலு வரை அட்டையில் நிறம் இருக்கிறது. இவருடையது நாலு. மை கொட்டிய மாதிரி.

சண்முகசுந்தரம் டாக்டர் இயற்கை வைத்தியம் படித்தவர், ஊசி மாத்திரை கிடையாது. "மூணு மாசமா வயிறு சரியில்லைன்னா இதான்மா விஷயம். கறி, மீன், முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்து. கஞ்சி, காய் போதும்" என்றார்.

பிரியாணி மாஸ்டருக்குக் கறி கூடாதாம்! பூந்தமல்லியில் பாதிக் கல்யாணத்துக்கு இவர்தான் அடுப்பில் பிரியாணி தேக்சா ஏற்றுகிறார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "இன்னா தஸ்லீ, உப்பு பாக்கக்கூட நாக்குல வெக்கக் கூடாதா?" என்றார். கூடாது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

9 ஜனவரி

நானும் கறியை விட்டுவிட்டேன், எனக்கும் கஞ்சி, காய்தான். அவர் எதிரில் உட்கார்ந்து எலும்பு கடிக்க எனக்கு மனசு வராது. மகள் ஜோயாவுக்கு மட்டும் முட்டை. பன்னிரண்டாவது பரீட்சையைக் கஞ்சி குடித்து எழுத முடியுமா?

3 பிப்ரவரி, திங்கள்

மூன்று. அல்ஹம்துலில்லாஹ்.

21 பிப்ரவரி, வெள்ளி

இரண்டு. ஆனால் எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "ராஷித், மோஷன்ல ரத்தம் போகுதா?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

போகிறது. பாத்ரூம் கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? கேட்டால் மூலம் என்கிறார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? நான் வேலை பார்க்கிற இடத்தில், நாலு பேர் எதிரில், புருஷனைப் பொய்யன் ஆக்க வேண்டாம் என்றுதான். வேறு காரணம் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் லெட்டர் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். வெளியே வந்ததும் இவர், "குழாய் கீயெல்லாம் உட்டுக்கினு இருக்க முடியாது, நான் வரல. அதான் கொறஞ்சிகினு வருதே, நீதானே சொன்ன?" என்றார்.

நான்தான் சொன்னேன். லெட்டர் என் கைப்பையில் இருக்கிறது. நோன்பு முடியட்டும்.

5 மார்ச்

நோன்புக் கஞ்சியில் கைமா போடவில்லை. அவரால் நோன்பு வைக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை என்று அழுதார்.

24 மார்ச், திங்கள்

ஒன்று! அட்டையோடு சேர்த்துப் பிடித்து டாக்டரிடம் காட்டினேன். "லெட்டர் குடுத்தேனே, போனீங்களா?" என்றார். பெருநாள் முடிந்து போகிறோம் என்றேன். அந்த வெளிர் நீலத்தை அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று விட்டுவிட்டார்.

31 மார்ச்

பெருநாள். புதுச் சட்டை அவர் தோளில் நிற்கவில்லை.

16 ஏப்ரல், புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

புது மருந்து பாட்டில் பிரித்தால் முதலில் என்னுடையதைத்தான் போட்டுப் பார்ப்பேன். மருந்து நல்லதா என்று தெரிந்துகொள்ள. எனக்கு எப்போதும் இரண்டு வரும். இன்று பிரித்துப் போட்டேன். ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாதிரி நின்றது. பாட்டில் கெட்டுப்போனது என்று நினைத்து, ஆவடியிலிருந்து வந்த ஒருவருடையதைப் போட்டேன். கருநீலம். மருந்து நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் எனக்கு நீலம் எப்படி நின்றுபோனது? நான் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லையே. அவரோடு சேர்ந்து கஞ்சி குடித்தேன், அவ்வளவுதான்.

அவ்வளவுதான். கறி இல்லை, நீலம் இல்லை. மூன்று மாதமாக நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது அவர் குடல் ஆறுவதை இல்லை. அவர் சாப்பிடாததைத்தான் பார்த்திருக்கிறேன். யா அல்லாஹ், நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்?

17 ஏப்ரல்

டாக்டரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "புரோட்டீன் உள்ள போனாத்தான் நீலமே வரும்மா. சாப்பாடு கொறைஞ்சா அதுவும் கொறையும்" என்றார். இதை ஜனவரியில் சொல்லியிருந்தால்? கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் லெட்டர் குடுத்தேனே, தஸ்லீம்" என்றார்.

கொடுத்தார். ரத்தம் போகிறது என்று நானும் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது? நேராக வீட்டுக்குப் போய் இவரை ஆட்டோவில் ஏற்றினேன். வரமாட்டேன் என்று சொல்லக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

2 மே, வெள்ளி

குடலில் கட்டி. புற்றுநோய்தான். ஈரலுக்கும் போய்விட்டது. ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை என்கிறார்கள். ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு.

"பிப்ரவரியிலேயே கூட்டினு வந்திருந்தா?" என்று கேட்டேன். அந்த டாக்டரம்மாவுக்கு ஜோயாவைவிடப் பத்து வயசுதான் கூட இருக்கும். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றாள்.

அவரிடம் குடல் புண் என்று சொல்லியிருக்கிறேன். ஜோயாவுக்குத் தெரியும்.

3 மே

வேலைக்குப் போகவில்லை. இனிமேலும் போகமாட்டேன்.

20 மே

ஜோயா காலேஜ் பாரத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் சமையல் என்று எழுதினாள். அவர் வாங்கிப் பார்த்து, பிரியாணி மாஸ்டர்னு எழுதும்மா என்று திருத்தச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

7 ஜூன், சனி

பக்ரீத்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, "இனிமே பத்தியம் எதுவும் வேணாங்க. அவருக்கு என்ன ஆசையோ குடுங்க" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த இவருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா தஸ்லீ, கறி சாப்பிட சொல்ட்டாங்க!" வருகிற வழியெல்லாம் அதே பேச்சு.

பக்கத்து வீட்டிலிருந்து குர்பானி கறி வந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் ஆக்கினேன். "இஞ்சி பத்தாது. கிளறாத, உட்டுடு." மூன்று வாய் சாப்பிட்டார். நாலாவதை விரலில் வைத்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

சாயங்காலம், அவரோடு தேக்சா ஏற்றுகிற முகமது ஆசிக் போன் செய்தான். "டாக்டரே கறி சாப்பிட சொல்லிட்டாங்க மாமே, ஒடம்பு தேறிடுச்சி. நீ ஆர்டர புடி" என்று இவர் சத்தமாகச் சொன்னார். அப்புறம் நோட்டை எடுத்து என்னை எழுதச் சொன்னார்.

எழுதினேன். ஆகஸ்ட் 17, ஞாயிறு. சென்னீர்குப்பம் மண்டபம். இரண்டு தேக்சா.