கழுவிய கூடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்களுக்கு இருமல் விட்டதா? வெள்ளம் விட்டுப்போன சேற்றிலேயே நின்று அம்மாவின் கால் புண்ணாகியிருக்குமே, டாக்டரிடம் காட்டினீர்களா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஓட்டல் வராந்தாவில் காய்ந்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேனாம். கூட வேலை செய்யும் அக்கா, "ஏண்டி, தரையில ஓட்டை போடாம விடமாட்டியா?" என்று மாப்பைப் பிடுங்கிக்கொண்டார். இருவரும் சிரித்துவிட்டோம்.

பீரோவைத் தனியாக நகர்த்தாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயின் சுவிட்சில் கை வைக்காதீர்கள். என் போர்வையில் சேறு போகாவிட்டாலும் எறிந்துவிட வேண்டாம். வந்து நானே துவைத்துக்கொள்கிறேன். இங்கே கொடுத்த போர்வையில் தூக்கமே பிடிப்பதில்லை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். முழங்கால் அளவுதான் தண்ணீர் வந்தது என்றீர்கள். கூடத்தைக் கழுவிவிட்டு நீங்களும் அம்மாவும் நின்று எடுத்து அனுப்பிய படத்தில், பின்னால் சுவரில் சேற்றுக் கோடு தெரிகிறது. அது உங்கள் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அன்றைக்கு அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே நின்றீர்கள், அப்பா?

உங்கள் மகள்